நெரிசலான காட்சியில் கண் எங்கே போகிறது, ஏன் போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியம், தெரு, எக்ஸ்ரே படம், சமையல் மேடை என்று பல பொருட்கள் அடைந்து கிடக்கும் காட்சிகளில் கண் எப்படி நகர்கிறது என்பதே இந்தப் பக்கத்தின் விஷயம். உளவியல் மாணவர்கள், திரை வடிவமைப்பாளர்கள், ஸ்கேன் படம் படிப்பவர்கள், வண்டி ஓட்டக் கற்றுத்தருபவர்கள் கேட்பவையே பெரும்பாலும் இங்கே இருக்கின்றன. இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சட்டென்று பாய்வது தாவல். பாய்ந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பது தங்கல்.

முழுக் காட்சியும் ஒரே நேரத்தில் தெரிகிறதே, பிறகு கண் ஏன் அலைந்துகொண்டே இருக்கிறது?

தெரிவதுபோல் இருக்கிறது, அவ்வளவுதான். விழித்திரையின் நடுவே சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு குழி உண்டு. நிறத்தையும் நுணுக்கத்தையும் பிடிக்கும் கூம்பு செல்கள் நெருக்கியடித்து இருப்பது அங்கேதான். அதன் மையத்தில் சராசரியாக ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2 லட்சம். கொஞ்சம் விலகினாலே எண்ணிக்கை சடசடவென்று சரிந்துவிடும். கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பிடித்தால் அதன் அகலம் பார்வைக் கோணத்தில் சுமார் 2 டிகிரி வரும். எந்த நொடியிலும் உச்சக் கூர்மையோடு தெரிவது கிட்டத்தட்ட அவ்வளவு இடம்தான்.

சோதித்துப் பார்க்கலாம். செய்தித்தாளை வழக்கமாகப் படிக்கும் தூரத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வரியின் நடுவில் உள்ள சொல்லின் மேல் கண்ணை நிறுத்துங்கள். கண்ணை அசைக்காமல் வலப்பக்கம் மூன்றாவது சொல்லைப் படிக்க முயலுங்கள். ஏதோ ஒரு சொல் இருக்கிறது என்பது தெரியும், என்ன சொல் என்பது தெரியாது.

இதற்குக் கூர்மைக் குறைவு மட்டும் காரணம் இல்லை. நெருக்கமும் ஒரு காரணம். 1970இல் ஹெர்மன் பௌமா அளந்து சொன்ன விதி இன்றும் கைகொடுக்கிறது: பார்வை மையத்திலிருந்து ஒரு பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதில் பாதி தூரத்துக்குள் வேறு பொருள் இருந்தால் இரண்டும் குழம்பிவிடும். 10 டிகிரி தள்ளியுள்ள எழுத்து அடையாளம் தெரிய, அதைச் சுற்றி 5 டிகிரி வெற்றிடம் வேண்டும். வெற்றுச் சுவரில் மாட்டிய கடிகாரம் ஓரக்கண்ணிலேயே தெரிவதும், சாமான் அடைத்த அலமாரியில் அதே கடிகாரத்தைத் தேட வேண்டியிருப்பதும் இதனால்தான்.

ஒரு தாவலுக்கும் தங்கலுக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும்?

படங்களையும் காட்சிகளையும் பார்க்கும்போது ஒரு தங்கல் சராசரியாக 300 மில்லி விநாடி. படிக்கும்போது 200 முதல் 250. இவை சராசரிகள்தாம். ஒரே ஆள் ஒரே படத்தைப் பார்க்கும்போதும் 100இலிருந்து 600 வரை சிதறிக் கிடக்கும்.

தாவலின் நேரம் அதன் நீளத்தைப் பொறுத்தது. 21 மில்லி விநாடியோடு, டிகிரிக்கு 2.2 வீதம் கூட்டிக்கொண்டால் ஓரளவு சரியாக வரும். 5 டிகிரித் தாவலுக்கு 32 மில்லி விநாடி, 20 டிகிரிக்கு 65. பெரிய தாவல்களில் கண் விநாடிக்கு 500 டிகிரிக்கு மேல் சுழலும். உடலில் இதைவிட வேகமான அசைவுகள் மிகக் குறைவு. விநாடிக்கு மூன்று தாவல் என்று வைத்தால், விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும்.

கிளம்பிய தாவலை நடுவழியில் பார்த்துப் பார்த்துத் திருத்த நேரம் போதாது. எங்கே போய் இறங்குவது என்பது பெரும்பாலும் கிளம்பும் முன்பே முடிவாகிவிடுகிறது. நீளமான தாவல்கள் பெரும்பாலும் இலக்குக்குச் சற்று முன்பாகவே விழும். உடனே ஒரு குட்டித் தாவல் அந்தக் குறையைச் சரிசெய்யும். பதிவுகளில் இந்த இரட்டைத் தாவலைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

கண் இவ்வளவு வேகமாகப் பாயும்போது காட்சி ஏன் கலங்குவதில்லை?

தாவல் நடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மூளை பார்வையின் உணர்திறனைக் குறைத்துவிடுகிறது. தாவலுக்கு முன்னும் பின்னும் வரும் தெளிவான படங்களும் இடையில் வரும் மங்கலை மறைத்துவிடுகின்றன. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறிப் பாருங்கள். உங்கள் கண் நகர்வதை உங்களால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். அதையே செல்போனின் செல்ஃபி கேமராவில் செய்தால் நகர்வு தெரிந்துவிடும், ஏனென்றால் திரைக்குப் படம் வந்துசேரக் கொஞ்சம் தாமதமாகிறது; அதற்குள் தாவல் முடிந்திருக்கும்.

அடுத்து எங்கே தாவுவது என்பதை எது முடிவு செய்கிறது? பளிச்சென்று இருப்பதா, தேவையானதா?

இந்தத் துறையின் பழைய வழக்கு இது. ஒரு கட்சி, படத்தில் எது சுற்றுப்புறத்திலிருந்து தனித்துத் துருத்துகிறதோ அங்கே கண் இழுக்கப்படும் என்கிறது. கோக்கும் உல்மனும் 1985இல் முன்வைத்த யோசனையை இட்டி, கோக், நீபர் மூவரும் 1998இல் கணினி நிரலாக்கினார்கள். படத்தை நிறம், ஒளியளவு, கோட்டின் சாய்வு என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அக்கம்பக்கத்தோடு ஒட்டாத இடங்களைக் கண்டு, எல்லாவற்றையும் ஒரே வரைபடமாகக் கூட்டுவார்கள். அதில் உச்ச மதிப்புள்ள இடத்துக்கு முதல் தாவல். பிறகு அந்த இடத்தைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு அடுத்த உச்சத்துக்குப் போவார்கள்.

மறுகட்சி, கண்ணை நடத்துவது அப்போதைய வேலையும் அனுபவமும்தான் என்கிறது. சான்றுகள் இந்தப் பக்கமே கனமாக இருக்கின்றன. முதல் கட்சியின் வரைபடம் ஓரளவு சரியாகக் கணிப்பது உண்மை. ஆனால் படங்களில் நிறமும் விளிம்பும் அதிகமுள்ள இடங்களில்தான் பொருட்களும் இருக்கும்; வெற்று வானத்தில் இரண்டுமே இருக்காது. அதனால் கண்ணை இழுத்தது பளபளப்பா, பொருளா என்று பிரிப்பது கடினம். ஹெண்டர்சனும் ஹேய்ஸும் 2017இல் இதைப் பிரிக்க வழி கண்டார்கள். காட்சிகளைச் சிறு வட்டத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு அர்த்தமுள்ளது என்று மக்களிடம் மதிப்பெண் வாங்கி வரைபடமாக்கினார்கள். கண் போன இடங்களை அந்த அர்த்த வரைபடம்தான் கூடுதலாக விளக்கியது. இரண்டுக்கும் பொதுவான பங்கைக் கழித்தபின் துருத்தலுக்கு மிஞ்சியது சொற்பம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. திடீரென்று தோன்றும் பொருள், எதிர்பாராத அசைவு, பளீரென்ற மின்னல் ஆகியவை வேலையை மீறியும் கண்ணை ஒருமுறை இழுத்துவிடும். அசையாத படத்தில் செய்த ஆய்வின் முடிவை அப்படியே தெருவுக்கோ வீடியோவுக்கோ கொண்டுபோக முடியாது என்பதற்கு இது ஒரு காரணம்.

யார்பஸ் சோதனை என்று எல்லோரும் சொல்வது எது?

அதற்கு முன்னோடியாகச் சிகாகோவில் கை பஸ்வெல் 1935இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்ல வேண்டும். 200 பேர், 55 படங்கள். கண்ணில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பிலிமில் பதிந்தார். பார்வை தொடங்கும்போது தங்கல்கள் குறுகியும், நேரம் போகப்போக நீண்டும் இருப்பதை அவரே கவனித்துவிட்டார். சிகாகோ டிரிப்யூன் கோபுரத்தின் படத்தைச் சும்மா பார்க்கச் சொன்னபோது ஒரு விதமாகவும், அதன் ஜன்னல் ஒன்றிலிருந்து யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று தேடச் சொன்னபோது வேறு விதமாகவும் கண் நகர்ந்ததும் அவர் பதிவில் இருக்கிறது.

மாஸ்கோவில் ஆல்ஃபிரெட் யார்பஸ் இதை இன்னும் துல்லியமாக்கினார். அவர் நூல் ரஷ்ய மொழியில் 1965இலும் ஆங்கிலத்தில் 1967இலும் வந்தது. கண்ணின் வெண்பகுதியில் உறிஞ்சிப் பிடிக்கும் ஒரு சிறு மூடி, அதில் குட்டிக் கண்ணாடி, அதில் பட்டுத் திரும்பும் ஒளிக்கற்றை ஒளியுணர் தாளில் கோடு கிழிக்கும். கண்ணை மரக்கவைத்து, இமை மூடாமல் பிடித்துவைத்துச் செய்த சோதனை. உட்கார்ந்தவர் பாடு லேசானதாக இருந்திருக்காது.

பார்க்கக் கொடுத்த படம், இலியா ரேப்பின் 1880களில் வரைந்த ‘எதிர்பார்க்கவில்லை’. நாடு கடத்தப்பட்ட ஒருவர் நெடுநாளைக்குப் பின் திடீரென்று வீட்டுக்குள் வந்து நிற்கிறார். தாய் நாற்காலியை விட்டு எழுகிறாள். மேசையருகே பிள்ளைகள், பியானோ அருகே மனைவி, கதவுக் குமிழைப் பிடித்தபடி வேலைக்காரப் பெண். ஒரே ஆளுக்கு இந்தப் படத்தை ஏழு முறை, முறைக்கு மூன்று நிமிடம் காட்டினார். முதல் முறை நிபந்தனை எதுவும் இல்லை. அடுத்த ஆறு முறையும் ஒவ்வொரு பணி: குடும்பத்தின் வசதியை மதிப்பிடு, ஒவ்வொருவர் வயதையும் சொல், வந்தவர் நுழையுமுன் இவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள், உடைகளை நினைவில் வை, ஆட்களும் பொருட்களும் இருந்த இடத்தை நினைவில் வை, வந்தவர் எவ்வளவு காலம் வீட்டில் இல்லாமல் இருந்திருப்பார்.

வயதைக் கேட்டபோது கண் முகங்களை விட்டு நகரவே இல்லை. வசதியைக் கேட்டபோது உடைகளிலும் அறையின் சாமான்களிலும் அலைந்தது. கடைசிக் கேள்விக்கு, வந்தவர் முகத்துக்கும் வீட்டார் முகங்களுக்கும் இடையே நீண்ட கோடுகளாகப் போய்ப்போய் வந்தது. படம் மாறவில்லை, ஆள் மாறவில்லை. கேள்வி மட்டும் மாறியது.

மேற்கோள் காட்டுகிறவர்கள் அடிக்கடி விட்டுவிடும் ஒரு விவரம்: புகழ்பெற்ற அந்த ஏழு கோட்டோவியங்களும் ஒரே ஒருவருடைய கண்ணிலிருந்து வந்தவை. பின்னால் நவீனக் கருவிகளோடு, பலரை வைத்துத் திரும்பச் செய்தபோதும் அதே போக்கு தெரிந்தது, ஆனால் அவ்வளவு சுத்தமாக இல்லை. ஒரு கோட்டோவியத்தை மட்டும் கொடுத்து அந்த ஆளுக்கு என்ன வேலை தரப்பட்டது என்று கேட்டால், மனிதர்கள் தடுமாறுகிறார்கள். கணினி தற்செயலை விடக் கொஞ்சம் மேலாகச் சொல்கிறது. ‘கண் அசைவை வைத்து மனத்தைப் படித்துவிடலாம்’ என்று விற்பவர்களிடம் இதைக் கேளுங்கள்.

முன்பின் பார்த்திராத காட்சியில் முதல் தாவலுக்கே எப்படி வழி தெரிகிறது?

முதல் தங்கலிலேயே, அதாவது பத்தில் ஒரு விநாடிக்குள்ளாகவே, இது தெரு, இது சமையலறை, இது கடற்கரை என்ற அளவுக்குக் காட்சியின் சாரம் பிடிபட்டுவிடுகிறது. இதற்கு ஓரப்பார்வையின் மங்கலான படமே போதும். சாரம் தெரிந்ததும் எதை எங்கே தேடுவது என்பதும் கூடவே வந்துவிடும். டோரால்பா, ஒலிவா, காஸ்டெல்யானோ, ஹெண்டர்சன் நால்வரும் 2006இல் மூன்று விதத் தேடல்களை வைத்துக் காட்டியது இதைத்தான். தெருவில் ஆட்களை எண்ணச் சொன்னால் கண் நடைபாதை மட்டத்தில் ஒரு கிடைப்பட்டையில் ஓடும். அறையில் கோப்பையைத் தேடச் சொன்னால் மேசைப் பரப்பில். சுவரோவியத்தைத் தேடச் சொன்னால் சுவரில். தேடிய பொருள் படத்தில் இல்லாதபோதும் அப்படியே.

தவறுவதும் இதே வழியில்தான். வழக்கத்துக்கு மாறான இடத்தில் இருக்கும் பொருள் தாமதமாகவே கிடைக்கும். சாவி ஃபிரிட்ஜுக்குள் இருந்தால் கண் அதைக் கடைசியில்தான் போய்ப் பார்க்கும்.

மனித முகம் இருந்தால் கண் அங்கேதான் போகுமா?

பெரும்பாலும் ஆமாம், முதல் சில தங்கல்களுக்குள்ளாகவே. இடப்பக்கமும் வலப்பக்கமுமாக இரண்டு படங்கள் தோன்ற, முகம் உள்ள பக்கம் தாவும்படி சொன்னால், 100 முதல் 110 மில்லி விநாடிக்குள் சரியான தாவல்கள் கிளம்பிவிடுகின்றன. சாதாரணத் தாவல் கிளம்ப 200 ஆகும். எழுத்துக்கும் இந்த இழுப்பு உண்டு. விளம்பரத்தில் முகத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு விலையை ஓரத்தில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி. அந்த முகம் விலை இருக்கும் பக்கம் பார்த்தால் பார்ப்பவர் கண்ணும் அங்கே போக வாய்ப்பு கூடும்.

தேநீர் போடுவது, கிரிக்கெட் ஆடுவது போன்ற வேலைகளில் கண் என்ன செய்கிறது?

ஆய்வகத் திரையில் கிடைப்பதை விடத் தெளிவான விடை இங்கே கிடைக்கிறது. மைக்கேல் லேண்டும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் தேநீர் தயாரிப்பவர்களின் தலையில் கேமராவை மாட்டிப் பதிந்தார்கள். கை கெட்டிலைத் தொடுமுன் ஏறத்தாழ அரை விநாடி முந்தியே கண் கெட்டிலில் இருக்கும். தண்ணீர் நிரம்பி முடியும் முன்பே கண் அடுத்த பொருளுக்குப் போய்விடும். வேலைக்குச் சம்பந்தமில்லாத பொருட்களில் விழுந்த தங்கல்கள் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மேடையில் எவ்வளவு பளபளப்பான டப்பா நின்றாலும் கண் சட்டை செய்யவில்லை.

கிரிக்கெட் இன்னும் சுவாரசியமானது. ‘பந்திலிருந்து கண்ணை எடுக்காதே’ என்று எல்லாப் பயிற்சியாளரும் சொல்வார்கள். லேண்டும் மெக்லியோடும் 2000இல் பந்துவீச்சு இயந்திரத்தை மணிக்கு 90 கிலோமீட்டரில் வைத்து மட்டையாளர்களின் கண்ணைப் பதிந்தபோது, யாருமே அப்படிச் செய்யவில்லை. பந்து வெளிப்படும் கணத்தைப் பார்க்கிறார்கள். பிறகு பந்தை அப்படியே விட்டுவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்குக் கண் முந்திக்கொண்டு தாவிக் காத்திருக்கிறது. குத்திய பிறகு கொஞ்ச நேரம் தொடர்கிறது. தேர்ந்த ஆட்டக்காரரின் வித்தியாசம், அந்த முன்தாவல் சீக்கிரம் கிளம்புவதில்தான் இருந்தது.

நேரே பார்த்தும் கண்ணில் படாமல் போவது எப்படி?

கண் இருக்கும் இடமும் கவனம் இருக்கும் இடமும் எப்போதும் ஒன்றல்ல. 2013இல் டிரூ, வோ, வோல்ஃப் ஆகியோர் 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் சி.டி. படங்களைக் கொடுத்துக் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசிப் படத்தொகுப்பில் ஒரு கொரில்லா உருவத்தைச் செருகியிருந்தார்கள். சராசரிக் கட்டியை விட 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அந்த 20 பேரில் 12 பேரின் கண், கருவியின் பதிவுப்படி, கொரில்லா மேலேயே நின்றிருக்கிறது. சிறிய, வெளிறிய, உருண்டையான ஒன்றைத் தேடும்படி மனம் தயாராக இருக்கும்போது பெரிய கறுப்பு உருவம் தேடலின் சல்லடையில் தங்குவதில்லை.

எனவே கண் நகர்வைப் பதியும் கருவியான ஐ டிராக்கர் ‘பார்த்தார்’ என்று காட்டுவதை ‘கண்டார்’ என்று எழுதக் கூடாது. நேரெதிரும் நடக்கும். கண்ணை ஓரிடத்தில் வைத்துக்கொண்டே கவனத்தை ஓரத்துக்கு அனுப்ப முடியும். அப்போது கருவிக்கு ஒன்றும் தெரியாது.

எக்ஸ்ரே, பெட்டிச் சோதனை போன்ற தேடல்களில் தவறுவது எந்தக் கட்டத்தில்?

மூன்று கட்டங்கள். கண் அந்த இடத்துக்கே போகாமல் இருப்பது ஒன்று. போயும் போதிய நேரம் தங்காமல் கடந்துவிடுவது இரண்டாவது. நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு ‘இது ஒன்றுமில்லை’ என்று தள்ளுவது மூன்றாவது. குண்டலும் நோடினும் உடன் ஆய்வாளர்களும் 1978இல் மார்பு எக்ஸ்ரேக்களில் தவறவிட்ட கட்டிகளை இப்படிப் பிரித்தபோது, முதல் வகை 30 சதவீதம், இரண்டாவது 25, மூன்றாவது 45. ‘நன்றாகப் பார்’ என்ற அறிவுரை முதல் வகைக்கு மட்டுமே உதவும் என்பது இதிலிருந்து தெரிகிறது. மிச்சமுள்ள பெரும்பகுதி, கண் சரியான இடத்தில் இருந்தபோதே நிகழ்ந்தது.

இதோடு இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று கிடைத்துவிட்டால் தேடல் தளர்ந்துவிடும். எலும்பு முறிவைக் கண்டவர் பக்கத்திலுள்ள கட்டியைக் கோட்டைவிடுவது இப்படித்தான். இன்னொன்று அரிதான இலக்கு. வோல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் 2005இல், பாதிப் படங்களில் இலக்கு இருந்தபோது தவறியது 7 சதவீதம் என்றும், நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம் என்றும் காட்டினார்கள். ‘இல்லை, இல்லை’ என்றே சொல்லிப் பழகிய கை சீக்கிரம் பொத்தானை அழுத்திவிடுகிறது.

நடைமுறையில் செய்யக்கூடியவை:

- முதல் கண்டுபிடிப்பைக் குறித்த உடனே, படத்தை முதலிலிருந்து இன்னொரு சுற்றுப் பாருங்கள். குறிப்பதையும் தேடுவதையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம்.
- வழக்கமாகக் கண் போகாத இடங்களைப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்நுனி, இதயத்தின் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழே, படத்தின் ஓரங்கள்.
- அரிதான இலக்கைத் தேடும் வேலையில் இடையிடையே பொய் இலக்குகளைச் செருகுங்கள். விமான நிலைய எக்ஸ்ரே கருவிகளில் கற்பனை ஆயுதப் படங்களைக் காட்டுவது இதற்காகவே. செருகிவிட்டு விடை சொல்லாமல் விட்டால் பயனில்லை.
- இரண்டாவது ஆள் பார்ப்பதாக இருந்தால், முதல் ஆளின் முடிவை அவருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

வண்டி ஓட்டும்போது கண்ணை எங்கே வைப்பது?

வளைவில், ஓட்டுநர்களின் கண் தானாகவே வளைவின் உள்விளிம்பு திசை திரும்புவதுபோல் தெரியும் புள்ளியை நாடுகிறது. எடின்பரோவின் குயின்ஸ் டிரைவ் சாலையில் லேண்டும் லீயும் 1994இல் பதிந்தது இது: வளைவுக்குள் நுழைய ஒன்று, இரண்டு விநாடிகளுக்கு முன்பே கண் அந்தப் புள்ளிக்குப் போய்விடும். வண்டி போகப்போகும் பாதையைப் பார்ப்பதே முக்கியம், விளிம்புப் புள்ளி அதற்குப் பக்கத்தில் இருப்பதுதான் காரணம் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். ஓட்டுகிறவருக்கு இரண்டும் ஒரே அறிவுரையில்தான் முடியும்: முன்சக்கரத்தின் அருகே பார்க்காமல், இரண்டு விநாடி தள்ளிப் பாருங்கள்.

சந்திப்பில் சிக்கல் வேறு. தலையை ஒரே வீச்சில் திருப்பினால் கண் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் தங்கி, இடையிலுள்ள பகுதியைத் தாவிக் கடந்துவிடும். எதிரே வரும் பைக் அந்த இடைவெளியில் இருந்தால் தெரியாது. கார் தன் அகலத்தால் தப்பித்துக்கொள்ளும், பைக்குக்கு அந்த வசதி இல்லை. காரின் முன்கண்ணாடிக்கு இரு ஓரத்திலும் கூரையைத் தாங்கும் தூண் இன்னொரு மறைப்பு. இரண்டு வண்டிகளும் மோதும் பாதையில் சீரான வேகத்தில் வந்தால், அந்த வண்டி உங்கள் பார்வையில் ஒரே கோணத்திலேயே இருக்கும். அசைவே தெரியாது, தூணுக்குப் பின்னால் கடைசிவரை ஒளிந்தே வரவும் முடியும்.

சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நம் ஊர்களில்: வலப்பக்கம் தொலைவு, நடு, அருகு என்று மூன்று இடங்களில் கண்ணை நிறுத்துங்கள். இடப்பக்கமும் அதேபோல். திரும்ப வலப்பக்கம். இரண்டாம் முறை பார்க்கும்போது உடம்பை ஒரு சாண் முன்னால் சாய்த்தால் தூணுக்குப் பின்னால் இருந்தது வெளியே வரும்.

கண் நகர்வைப் பதிவு செய்ய என்ன வேண்டும்? எப்படிச் செய்வது?

இன்றைய ஐ டிராக்கர்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசி, கருமணியின் மையத்தையும் அதன் முன்னால் இருக்கும் தெளிந்த விழிவெண்படலத்தில் மின்னும் ஒளிப்புள்ளியையும் கேமராவில் பிடிக்கின்றன. கண் திரும்பும்போது இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மாறும். அதிலிருந்துதான் பார்க்கும் இடம் கணக்கிடப்படுகிறது.

முதலில் கணக்கு. 57 சென்டிமீட்டர் தூரத்தில் 1 டிகிரி என்பது 1 சென்டிமீட்டர். 24 அங்குல, 1920 பிக்ஸல் அகல மானிட்டரை 60 சென்டிமீட்டரில் வைத்தால் 1 டிகிரி சுமார் 38 பிக்ஸல். நல்ல கருவியின் பிழை அரை டிகிரி, அதாவது 19 பிக்ஸல். வரிகளுக்கு இடையே 24 பிக்ஸல் இருந்தால் எந்த வரியைப் பார்த்தார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வரி இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள்.

அடுத்தது வேகம். 60 ஹெர்ட்ஸ் கருவி 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை பதியும். 32 மில்லி விநாடித் தாவலுக்குள் இரண்டு புள்ளிகள்தான் விழும். எங்கே எவ்வளவு நேரம் தங்கினார் என்று அறிய இது போதும். தாவலின் வேகத்தை அளக்க 500 அல்லது 1000 ஹெர்ட்ஸ் வேண்டும்.

செய்முறை: ஜன்னலை மூடி, விளக்கை ஒரே அளவில் வையுங்கள், வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, அது கருவியைக் குழப்பும். நாற்காலி சுழலக் கூடாது. திரையில் ஒன்பது புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லிக் கருவியைக் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்யும் கேலிபிரேஷன் செய்து, உடனே தனியாக நான்கைந்து புள்ளிகளில் சரிபாருங்கள். ஒரு டிகிரிக்கு மேல் விலகினால் திரும்பச் செய்யுங்கள். ‘பரவாயில்லை’ என்று தொடர்ந்தால் பின்னால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இந்தச் சரிபார்ப்பைத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் ஆள் சரிந்து உட்கார உட்காரப் பிழை ஏறும்.

பதிவில் வழக்கமாக என்னென்ன தவறும்?

கண் மை பெரிய தொல்லை. அடர்ந்த கறுப்பு மையைக் கருவி கருமணி என்று எடுத்துக்கொள்ளும். கழுவிவிட்டு வரச் சொல்வதே வழி. மூக்குக் கண்ணாடியில் ஒளிப்புள்ளி இரண்டு மூன்றாகத் தெரிந்தால் கேமராவைக் கொஞ்சம் கீழிறக்கிப் பாருங்கள். இமை தாழ்ந்தவர்களுக்கும் அதே பரிகாரம்.

மென்பொருளில் தங்கலைத் தாவலிலிருந்து பிரிக்க ஒரு வேக வரம்பு இருக்கும். விநாடிக்கு 30 டிகிரி என்பது பரவலான அமைப்பு. அசையும் பொருளைக் கண் வழுக்கிக்கொண்டு தொடரும்போது அந்த வேகம் வரம்புக்குக் கீழே இருக்கும். மென்பொருள் அதை ஒரே நீண்ட தங்கலாக எழுதிவிடும். வீடியோ ஆய்வுகளில் இது நிறைய முடிவுகளைக் கெடுத்திருக்கிறது. எந்த வரம்பை, எந்தக் குறைந்தபட்சத் தங்கல் நேரத்தை வைத்தீர்கள் என்று அறிக்கையில் எழுதாவிட்டால் அந்த எண்களுக்குப் பொருளில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரியது மையச் சாய்வு. படத்தில் என்ன இருந்தாலும் மக்கள் முதலில் திரையின் நடுவைப் பார்ப்பார்கள். புகைப்படக்காரர்கள் முக்கியமானதை நடுவில் வைப்பது பாதிக் காரணம்தான். பென்ஜமின் டாட்லர் 2007இல் காட்டியபடி, முக்கியமானவை ஓரத்தில் இருக்கும் படங்களிலும் இந்தச் சாய்வு இருக்கிறது. படம் வருமுன் பார்க்கச் சொல்லும் தொடக்கக் குறியையும் நடுவிலேயே வைத்தால் சிக்கல் இரட்டிப்பாகும். குறியைப் படத்துக்கு வெளியே, ஒவ்வொரு முறையும் வேறு பக்கத்தில் வையுங்கள். முதல் தங்கலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஹீட்மேப்பில் சிவப்பாக இருக்கும் இடம் மக்களுக்குப் பிடித்த இடமா?

ஹீட்மேப் என்பது கண் அதிக நேரம் தங்கிய இடங்களைச் சிவப்பாகக் காட்டும் படம். அதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நெடுநேரம் பார்த்தது பிடித்ததால் இருக்கலாம், புரியாததாலும் இருக்கலாம். குழப்பமான பொத்தானும் அழகான புகைப்படமும் ஒரே சிவப்பில்தான் தெரியும். வரிசையும் அதில் அழிந்துபோகிறது: ஒருவர் முதல் விநாடியில் பார்த்ததா, எல்லாம் தேடிக் களைத்துக் கடைசியில் வந்ததா என்பது தெரியாது. ஐந்து பேரில் ஒருவர் மட்டும் ஓரிடத்தில் பத்து விநாடி உறைந்து உட்கார்ந்திருந்தாலும் அந்த இடம் சிவந்துவிடும். ஹீட்மேப்பை விளக்கப்படமாக வைத்துக்கொண்டு, முடிவை எண்களில் சொல்லுங்கள்: முதல் தங்கல்வரை ஆன நேரம், எத்தனை பேர் அங்கே வந்தார்கள், எத்தனை முறை திரும்பி வந்தார்கள். எந்தெந்தப் பகுதிகளில் இவற்றை எண்ணப்போகிறீர்கள் என்ற எல்லைகளைப் பதிவுக்கு முன்பே வரைந்துவிட வேண்டும். முடிவைப் பார்த்தபின் எல்லையை இழுப்பது பித்தலாட்டத்துக்குப் பக்கத்தில் போய்விடும்.

கருவி வாங்க வழியில்லை. வேறு என்ன செய்யலாம்?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, படத்தை முழுதும் மங்கலாக்கி, மவுஸ் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சிறு வட்டம் தெளிவாகத் தெரியும்படி நிரல் எழுதுவது. மவுஸ் பாதை கண்ணின் பாதையை விட மெதுவானது, ஆனால் எந்தப் பகுதிகள் முக்கியம் என்பது ஓரளவு ஒத்துப்போகும். இன்னொன்று மினுக்கல் முறை. ரென்சிங்கும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் செய்ததுபோல், படம் 240 மில்லி விநாடி, வெற்றுச் சாம்பல் திரை 80, ஒரு பொருள் மட்டும் மாற்றப்பட்ட படம் 240, மறுபடி வெற்றுத் திரை என்று சுழலவிடுங்கள். எந்த மாற்றத்தை மக்கள் சீக்கிரம் கண்டார்கள் என்பதே கவனம் எங்கே போனது என்பதற்கு அளவு. வெற்றுத் திரையை எடுத்துவிட்டால் மாறும் இடம் துடித்துக் கண்ணை இழுத்துவிடும், சோதனையே இல்லாமல் போகும்.

லேப்டாப் வெப்கேமராவை ஐ டிராக்கராக மாற்றும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றின் பிழையை 4 டிகிரி என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். மேலே சொன்ன மானிட்டரில் அது சுமார் 150 பிக்ஸல். திரையை நான்கு, அதிகம் போனால் ஆறு கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்கும்.